தேய்க்கக் கூடாத கல்

"நட்சத்திரத்தைத் தொட்டா எப்படிம்மா இருக்கும்?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. பிறந்ததிலிருந்தே கண் தெரியாத பிள்ளை. உலகத்தில் உள்ளதையெல்லாம் கையால் தடவியும் மூக்கால் முகர்ந்தும், யாரும் பார்க்காதபோது நாக்கால் நக்கியும் தெரிந்துகொண்டிருந்த வயது. அம்மா அப்போது ஆளுயர ஆப்பிள் பொம்மை ஒன்றின் கன்னத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை வேலையில் இருந்தது, மனசு அடுப்பில் வைத்துவிட்டு வந்த உலையில் இருந்தது. "மழமழன்னு இருக்கும்டி கண்ணு. இதோ, இந்த ஆப்பிள் மாதிரி" என்று சொல்லி, அந்தச் சின்னக் கையைப் பிடித்து ஆப்பிளின் மேல் வைத்தாள். பிள்ளை சிரித்தது. தாய் அதோடு அதை மறந்துபோனாள்.

பிள்ளை மறக்கவில்லை. பல வருஷம் கழித்து, வகுப்பில் நட்சத்திரங்களைப் பற்றிப் பாடம் நடந்தபோது எழுந்து நின்று, "எனக்குத் தெரியும், மழமழன்னு இருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். நட்சத்திரம் என்பது எரிகிற வாயு, கிட்டே போனாலே சாம்பல்கூட மிஞ்சாது என்று ஆசிரியர் திருத்தினாராம். வீட்டுக்கு வந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"தொட்டுப் பார்க்காததைப் பத்தி இனிமே எங்கிட்ட கதை விடாதே. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

அன்றிலிருந்து அவள் வானத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. மற்றபடி அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்வாள். தெருமுனைக் கடைக்காரர் அவளிடம் பேச்சுக்கொடுத்துவிட்டு, ஏண்டா கொடுத்தோம் என்று விழிப்பார். ஆனால் நிலா, சூரியன், நட்சத்திரம் என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். தாய்க்கு அது தொண்டையில் மாட்டிய முள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அம்மா வேலை பார்த்த இடம் ஒரு பொம்மைப் பட்டறை. குழந்தைகள் விளையாடும் பொம்மை இல்லை. கடைவாசலில் நிற்கும் ஆளுயர ஐஸ்கிரீம், பூங்காவில் சறுக்குமரம் சுமக்கும் யானை, செருப்புக்கடைக் கூரைமேல் ஏறி உட்காரும் ராட்சதச் செருப்பு, இப்படிப்பட்ட உருப்படிகள். அச்சிலிருந்து வெளியே வரும்போது அவையெல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி குழியும் மேடுமாக இருக்கும். குழியைப் பட்டி பூசி அடைத்து, மேட்டைத் தேய்த்து, பெயிண்டர் கைக்கு ஒப்படைப்பது அவள் வேலை. அவள் தேய்க்கும் அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தடவினால் கை எங்கேயும் நிற்கக் கூடாது. கை நின்றால் அந்த இடத்தில் குறை என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு தடவியே ஒரு தலைமுடி அளவு பிசிறைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் பட்டறையில் அவளுக்கு மழமழக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் நினைவுக்கு வரும்.

பட்டறை அவளுடைய கொழுந்தனுடையது. அவள் கணவர் ஊர் ஊராகப் போய்ப் பொம்மைகளை நிறுத்திவிட்டு வருபவர். வீட்டில் இருக்கும் நாளைவிட லாரியில் இருக்கும் நாள்தான் அதிகம்.

அந்த வாரம் கொழுந்தனும் அவரோடு வெளியூர் போயிருந்தார். ஒரு பல் டாக்டருக்குச் செய்த கடைவாய்ப்பல்லை மாடியில் ஏற்றி நிறுத்த வேண்டியிருந்தது. அவர் இல்லாத நேரத்தில்தான் அந்த மரப்பெட்டி வந்து இறங்கியது.

பெயிண்டர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே வைக்கோல் மாதிரி சுருள்சுருளான காகிதம், அதற்குள் சாம்பல் நிறத்தில் ஓர் உருப்படி. இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கிற அளவு. உருண்டையும் இல்லை, நீளமும் இல்லை. நடுவில் இடுப்பு புடைத்து, மேலும் கீழும் கூம்பி, ஒரு பக்கம் யாரோ கடித்துத் துப்பியது மாதிரி பள்ளம். உடம்பெல்லாம் கொப்புளம், குழி, கற்குவியல்.

"என்னக்கா இது, அழுகின உருளைக்கிழங்கா?" என்றார் பெயிண்டர்.

"உருளைக்கிழங்கு கடைக்காரன் எவன் பொம்மை கேட்டான்? பம்பரம் மாதிரி இருக்கு. அச்சு சரியா இறங்கலை போல. வேற பட்டறையில கெடுத்துட்டு, நம்ம தலையில கட்டியிருக்கானுங்க."

"முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுடலாமே?"

"அவர் பல்லைத் தூக்கிட்டு ஏணியில நிப்பாரு. கையில போன் எடுத்தா பல்லு விழுந்துடும். வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும்."

நல்லது செய்கிற நினைப்பில்தான் அவள் தாளை எடுத்தாள். புடைத்திருந்த பாறைகளை ராவினாள். குழிகளுக்கெல்லாம் பட்டி பூசினாள். கைக்கு இதமான, பிளாஸ்டர் மாதிரியான பொருள். தேய்க்கத் தேய்க்க மாவாக உதிர்ந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு பாதி முடிந்தது. தடவிப் பார்த்தாள், கை எங்கேயும் நிற்கவில்லை. மறுபாதியைத் திருப்பியபோது, கற்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தின் அடி மட்டும் வழவழவென்று தட்டையாக இருப்பதைக் கண்டாள். 'இதையாவது ஒழுங்கா செஞ்சிருக்கான்' என்று அந்த முகம் தெரியாத வேலைக்காரனை மனசுக்குள் மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை கொழுந்தன் வந்தார். கூடவே ஓர் இளம்பெண். நகரத்தில் புதிதாக ஓர் அருங்காட்சியகம் வருகிறதே, அங்கே வேலை பார்ப்பவள். முதுகில் பை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. "எங்க இருக்கான் என் செல்லம்?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், தேய்ப்பறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு அங்கே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"இங்க பாறைங்க இருந்துச்சே… எங்க?"

"தேய்ச்சுட்டேன்மா" என்றாள் மழமழக்கா. "ரொம்ப மோசமா வந்திருந்துச்சு. இன்னும் ஒரு பாதிதான். நாளைக்குள்ள முடிச்சுடுவேன்."

கொழுந்தன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அண்ணியை அதட்டிப் பழக்கமில்லாதவர். கோபம் போகிற வழி தெரியாமல், "அண்ணி, நீங்க கல்லைத் தேய்க்கலை, என் தலையைத் தேய்ச்சுட்டீங்க" என்றார்.

"அது ஏற்கெனவே மழமழன்னுதானே இருக்கு" என்று பெயிண்டர் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்தான் சொன்னாள். சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இது ஒரு சிறுகோள். பூமி மாதிரி இதுவும் சூரியனைச் சுற்றுகிறது, ஒரு குன்றளவுதான் இருக்கும். ஒரு விண்கலம் அங்கே போய், சுற்றிச் சுற்றி வந்து, ஒளிக்கதிரை விட்டு ஒவ்வொரு குழியையும் ஒவ்வொரு பாறையையும் அளந்தது. அந்த அளவை வைத்து ஓர் இயந்திரம் படலம் படலமாகக் கட்டிய உரு இது. பட்டறைக்கு அனுப்பியது தேய்க்க இல்லை; நிறைய கைகள் தொட்டாலும் தேயாமல் இருக்க மேலே ஒரு பூச்சுக் கொடுத்து, ஒரு பீடமும் செய்யத்தான்.

"தொடுறதுக்கா?" என்றாள் மழமழக்கா.

"ஆமாக்கா. கண் தெரியாதவங்களுக்குன்னே ஒரு அறை வைக்கிறோம். வானத்துல இருக்கிறதை அவங்க கையால பார்க்கிறதுக்கு. கல்லோட அச்சு அசல். அந்த அறையில முதல் பொருளே இதுதான்."

மழமழக்காவின் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வானம் மரப்பெட்டியில் ஏறி அவள் அறைக்கே வந்தது. கண் தெரியாத பிள்ளையைப் பெற்றவள், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டாள். குரங்கைப் பிடித்துப் பிள்ளையாராக்கிய கதை என்று அவளே சொல்லிக்கொண்டாள், சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று செய்து வாங்க மாசக்கணக்கில் ஆகும். அறை அடுத்த வாரம் திறக்கிறது. "அந்த மேசையைக் காலியா விட்டுட்டுத் திறப்போம், வேற என்ன செய்ய" என்று அந்தப் பெண் எழுந்தாள்.

"அம்மாடி, கொஞ்சம் நில்லு. இதை எடுத்துட்டுப் போக வண்டி வர்ற வரைக்கும் டைம் குடு. எடுத்தவ நான்தான். நானே திருப்பி வெச்சுடறேன். போட்டோ இருக்கும்ல?"

அந்தப் பெண் பையிலிருந்து படங்களை எடுத்து, தேய்ப்பு மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். "அளந்த பாதி எது, கையால செஞ்ச பாதி எதுன்னு எழுதித்தான் வைப்போம். பொய் சொல்ல மாட்டோம். பரவாயில்லையா?"

"எழுதும்மா. பெருசாவே எழுது."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும் முன்பே மகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெயிண்டர் வழியில் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார், கடைக்காரர் ஊருக்கே சொல்லியிருக்கிறார்.

"என்னம்மா, வானத்தையே தேய்ச்சுட்டியாமே?"

"வாயை மூடு."

"மிச்சம் ஏதாவது வெச்சிருக்கியா, இல்ல நிலாவையும் முடிச்சுட்டியா?"

"ஒருநாள் பட்டறைக்கு வாடி. அந்தப் பொண்ணு தொடலாம்னு சொல்லியிருக்கு."

தட்டில் மகளின் கை நின்றது. "எதுக்கு? எனக்கு நீ சொன்ன மழமழ நட்சத்திரமே போதும்" என்று சொல்லிவிட்டு, மீதியைச் சாப்பிடாமலே கையைக் கழுவப் போனாள்.

அடுத்த இரண்டு நாளும் மழமழக்கா பாறை செய்தாள். படத்தைப் பார்த்துப் பார்த்து, பிளாஸ்டரில் ஒவ்வொரு கல்லாக உருட்டி, பதமாக ஒட்டினாள். பெரிய கல் பக்கத்தில் நடுத்தரக் கல், அதன் பக்கத்தில் சின்னக் கல். இடைவெளி சீராக இருந்தது. குழிகளைக் கரண்டியால் தோண்டி, விளிம்பை வழித்துவிட்டாள். பெயிண்டர் வந்து பார்த்து, "அக்கா, படத்தைவிட நல்லா இருக்கு" என்றார்.

அருங்காட்சியகத்துப் பெண் வந்து கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். "அழகா இருக்குக்கா" என்றாள். "அதான் தப்பு."

"என்னம்மா சொல்ற?"

"ஸ்கூல் பிள்ளைங்க பிரேயர்ல நிக்கிற மாதிரி நிக்குதுங்க. அங்க யாரும் எதையும் எடுத்து வைக்கலைக்கா. எல்லாம் தானா வந்து விழுந்தது."

மழமழக்கா கரண்டியைக் கீழே போட்டாள். இரண்டு மூன்று நாளாக நெஞ்சில் இருந்த கேள்வி அப்போதுதான் வாயில் வந்தது. "ஏம்மா, பூமி உருண்டை, நிலா உருண்டை. இது மட்டும் ஏன் இப்படிக் கோணல்மாணலா இருக்கு? இதைச் செஞ்சவனுக்குப் பொறுமை இல்லையா?"

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். பூமி ரொம்பப் பெரியது, ரொம்பக் கனம். அதன் கனமே எல்லாப் பக்கமும் இருந்து உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு மலை அளவுக்கு மீறி உயர்ந்தால் அதன் பாரம் தாங்காமல் அடி அமுங்கிவிடும். அந்த இழுப்பில்தான் பூமி உருண்டையானது. இந்தக் கல்லுக்கு அவ்வளவு இழுவை இல்லை. கல்லின் பிடிவாதத்தை மிஞ்ச அதன் இழுப்பால் முடியாது. அதனால் உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது. முட்டின வடு முட்டினபடியே நிற்கிறது. அங்கே மழை இல்லை, காற்று இல்லை. கழுவிவிட ஆள் கிடையாது.

"அப்போ இது ஒரே கல்லா?"

"அதுதான் ஆச்சரியமே. இது கல்லே இல்லை, கற்குவியல். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி இதைவிடப் பெரிய ஒண்ணு இருந்துச்சு. வேற ஒண்ணு வந்து மோதி, அது சுக்குநூறாச்சு. சிதறின துண்டுங்கள்ல கொஞ்சம், ஒண்ணையொண்ணு மெதுவா, ரொம்ப மெதுவா இழுத்து, திரும்பச் சேர்ந்துகிச்சு. ஒட்டலை, உருகலை. சும்மா பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்குதுங்க. உள்ளே பாதி வெத்து இடம். நீங்க அங்க நின்னு ஒரு துள்ளு துள்ளினா, திரும்பி வரவே மாட்டீங்க, போய்க்கிட்டே இருப்பீங்க. அவ்வளவு மெல்லிசான பிடி. அந்தப் பிடியில கோடிக்கணக்கான வருஷமா இருக்கு."

மழமழக்கா உருப்படியின் மேல் கையை வைத்தாள். ஒட்டாமலே சேர்ந்திருப்பது என்பதை அவள் கை அதுவரை அறிந்ததில்லை. அவள் தொழிலில் ரெசின் பசை இல்லாமல் எதுவும் எதோடும் நிற்காது.

"இந்த இடுப்பு ஏன் புடைச்சிருக்கு?"

"வெயில்."

"என்னது?"

"நெசமாத்தான். சூரியன் கல்லைச் சூடாக்குது, கல் அந்தச் சூட்டைத் திருப்பி வெளியே விடுது. விடும்போது, ஒரு இம்மி, கண்ணுக்கும் கைக்கும் எட்டாத அளவு, கல்லைத் தள்ளுது. கல் கோணலா இருக்கிறதால எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளாது. காத்தாடி சுத்துற மாதிரி, கல் கொஞ்சம் கொஞ்சமா வேகமா சுத்த ஆரம்பிக்குது. லட்சக்கணக்கான வருஷம் ஆனா, மேலேயும் கீழேயும் இருக்கிற கல்லும் மண்ணும் நழுவி நழுவி இடுப்புக்கு வந்து சேருது. நீங்க பம்பரம்னு சொன்னீங்களாமே, சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

மழமழக்கா எழுந்து முற்றத்துக்குப் போனாள். பட்டறைக்கு வெளியே ஆளுயர ஐஸ்கிரீம் ஒன்று பெயிண்ட் காய்ந்துகொண்டு நின்றது. அதன் பக்கத்தில் நின்று, உள்ளங்கையை வெயிலில் நீட்டினாள். சூடு தெரிந்தது. தள்ளுவது தெரியவில்லை. காலையில் துணி காயப்போடுகிறோம், நிழல் தேடி ஒதுங்குகிறோம், தாங்க முடியலையே என்று திட்டுகிறோம். அதே வெயில் எங்கோ ஒரு கற்குன்றை விரலே படாமல் சுழற்றிக்கொண்டிருக்கிறது. அவள் கையை மடக்கவே இல்லை. பெயிண்டர் வந்து, "மழை வருதான்னு பார்க்கறீங்களாக்கா?" என்று கேட்டபோதுதான் கையை இறக்கினாள்.

உள்ளே வந்ததும் அவள் ஒட்டிய பாறைகளையெல்லாம் பெயர்த்து எடுத்தாள். அந்தப் பெண் பதறினாள்.

"இரும்மா. யாரும் வைக்கலைன்னு சொன்னல்ல? அப்போ நானும் வைக்கலை. வரட்டும்."

முதலில் ஈரப் பிளாஸ்டரை அந்தப் பாதியின் மேல் கெட்டியாகப் பூசினாள். இறுகுவதற்குள் ஏணியில் ஏறி, கோலிக்குண்டும் போல்ட்டும் சரளைக்கல்லுமாக, ஒவ்வொன்றாகக் கீழே விழவிட்டாள். விழுந்த இடத்தில் குழி வந்தது. விளிம்பு தானாக எகிறி, ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் சரிந்தும் நின்றது. ஒரு குழியின் மேல் இன்னொரு குழி விழுந்து, பழையதைப் பாதி அழித்தது. அவள் கை ஆயிரம் தடவை வழித்தாலும் வராத விளிம்பு அது. கொழுந்தன் வாசலில் நின்று பார்த்தார். "அண்ணி ஏணியிலேருந்து கல் போடறாங்க, நீ பார்த்துக்கிட்டு நிக்கறியா?" என்று பெயிண்டரைக் கேட்டார். "தலைக்கு எதையாவது கவுத்துக்கிட்டுப் பாருங்க முதலாளி, நல்லா இருக்கு" என்றார் பெயிண்டர்.

அடுத்தது கற்கள். அவள் தேய்த்துக் கழித்த துகள், உடைந்த பாறை, சரளை, மாவு எல்லாம் ஒரு தகர டப்பாவில் கலந்து கிடந்தன. பெரிய கல் அடியில், மாவு மேலே. அதை அதிரும் தேய்ப்பு இயந்திரத்தின் மேல் வைத்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. மாவைச் சலிக்கிற பழக்கமாக இருக்கும். டப்பா நடுங்கியது. மாவு மெல்ல இறங்கியது. இறங்க இறங்க, அடியில் கிடந்த பெரிய கற்கள், யாரோ கீழிருந்து தள்ளுவது மாதிரி, ஒவ்வொன்றாகத் தலைநீட்டின. கடைசியில் பெரியதெல்லாம் மேலே மிதந்தது, பொடி எல்லாம் அடியில் போனது.

"அம்மாடி, இங்க வா, இங்க வா!" என்று கத்தினாள்.

அந்தப் பெண் ஓடிவந்து பார்த்தாள். அவளுக்கும் இது புத்தகத்தில் படித்ததுதான், கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட டப்பாவுக்குள் குனிந்தார்கள். "இதேதான்க்கா. ஒவ்வொரு தடவை ஏதாவது வந்து முட்டும்போதும் அந்தக் குன்று முழுக்க இப்படி நடுங்கும். சின்னது உள்ளே இறங்கும், பெருசு வெளியே வரும். அதனாலதான் மேல வீட்டளவுக்குப் பாறை கிடக்குது. சின்னக் குழியெல்லாம் மூடிப்போறதும் இதனாலதான்." பிறகு அளந்த பாதியைத் திருப்பி, அந்தத் தட்டையான பள்ளத்தின் மேல் கை வைத்தாள். "ரொம்ப நைசான தூசி நகர்ந்து நகர்ந்து, பள்ளத்துல வந்து தங்கிடுது. தண்ணி நிக்கிற மாதிரி. அதான் இங்க வழவழன்னு இருக்கு."

"நான் எவனோ நல்ல வேலைக்காரன்னு நெனச்சேன்" என்றாள் மழமழக்கா.

தேய்த்த பாதியின் மேல் பசை தடவி, அந்தக் கலவையைக் கொட்டினாள். இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்து அதிரவிட்டாள். ஓரிடத்தில் கற்கள் சரிந்து இடுப்புப் பக்கம் குவிந்தன. ஒரு பெரிய பாறை பாதி புதைந்து பாதி நீட்டிக்கொண்டு நின்றது. எடுத்து நேராக வைக்கக் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் செய்த கஷ்டமான வேலை அதுதான்: ஒன்றும் செய்யாமல் இருந்தது.

வண்டி வரும் நாள் வந்தது. பூச்சு காய்ந்து, கல் தன் பீடத்தில் நின்றது. வண்டி மதியத்துக்கு மேல்தான் என்றார்கள். மழமழக்கா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். மகளைக் காலையில் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டாள் என்று தெரியும். "இன்னிக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்று மட்டும் அடுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கைத்தடி தட்டும் சத்தம் முற்றத்தில் கேட்டது.

"பெயிண்ட் நாத்தம் தாங்கலை. எங்க இருக்கு உங்க அழுகின கிழங்கு?"

"இதோ, வா" என்றார் பெயிண்டர். "காலடியில பக்கெட் இருக்கு, பார்த்து."

"பார்த்து நடந்தா நான் ஏன் தடி வெச்சிருக்கேன்?"

அருங்காட்சியகத்துப் பெண் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். மழமழக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். கதை போதும். கை பேசட்டும்.

மகள் தடியைச் சுவரில் சாய்த்தாள். இரண்டு கையையும் கல்லின் மேல் வைத்தாள். "பல் டாக்டர் பார்க்காத பல்லு மாதிரி இருக்கு" என்றாள். பெயிண்டர் சிரித்தார். அவள் கை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. ஒரு பாறையைச் சுற்றி வந்தது. ஒரு குழிக்குள் விரல் இறங்கி, அதற்குள் இன்னொரு குழி இருப்பதைக் கண்டு அங்கேயே நின்றது.

"இதை யாரு வெச்சது?"

"யாரும் வைக்கலை. வந்து விழுந்துச்சு" என்றாள் தாய்.

"இது ஏன் பிதுங்கியிருக்கு?"

"வெயில்ல சுத்திச் சுத்தி."

"கதை விடாதே."

"இல்லடி. எனக்கும் முதல்ல நம்பிக்கை வரலை. கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன்."

அந்தப் பதில் மகளுக்குப் புதிது. முகம் கொஞ்சம் தாயின் பக்கம் திரும்பியது. கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கோடு மாதிரி ஒரு மெல்லிய தடத்தில் விரல் தயங்கியது. "இங்க வரைக்கும் உன் கை" என்றாள்.

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு." அவள் வாயிலிருந்து அது சுலபமாக வருகிற வார்த்தை இல்லை. பெயிண்டர் புருவத்தை உயர்த்தினார்.

பிறகு அவள் மறுபாதிக்குப் போனாள். அளந்த பாதிக்கு. மெல்ல, விரல்நுனியால் மட்டும். பாறை, சரளை, இன்னொரு பாறை. ஒரு சரிவில் இறங்கிய விரல்கள் பள்ளத்தின் அடியைத் தொட்டன. அங்கே கை நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப வந்தது. திரும்பப் போனது.

"மழமழன்னு இருக்கு. இதை நீ தேய்ச்சியா?"

"இல்ல கண்ணு. நான் அங்க தொடவே இல்லை. அது அங்கேயே அப்படித்தான் இருக்கு. தூசி வந்து தங்கின இடம்."

"மேல? வானத்துலயா?"

"வானத்துல."

மகள் உள்ளங்கை முழுவதையும் அந்தப் பள்ளத்துக்குள் வைத்தாள். அது அவள் கைக்கு அளவெடுத்தது மாதிரி பொருந்தியது. முன்பு ஒரே ஒரு தடவை அவள் இப்படி இருந்ததைத் தாய் பார்த்திருக்கிறாள். சித்தப்பாவுக்குப் பிறந்த குழந்தையை மடியில் வைத்தார்கள். காதிலிருந்து கால்விரல்வரை தடவிப் பார்த்துவிட்டு, யாரோடும் பேசாமல் அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே வண்டியின் ஹார்ன் அடித்தது. கொழுந்தன், "வந்தாச்சு, வந்தாச்சு" என்று ஓடினார். பெயிண்டர் கயிற்றை எடுத்தார். மழமழக்கா எதையோ எதிர்பார்த்து நின்றாள்: ஒரு கிண்டல், ஒரு குத்தல், ஒரு கேள்வி.

மகள் கையை எடுத்தாள். விரல்களை மடக்கி, உள்ளே எதையோ பத்திரமாகப் பிடித்திருப்பவள் மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மற்றக் கையால் தடியைத் தேடி எடுத்தாள். பக்கெட்டைச் சுற்றிக்கொண்டு, வெயில் விழுந்து கிடந்த முற்றத்தைத் தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.